குதிநாண் வலியும் கிழிசலும்: வீட்டில் அறியும் வழி, படிப்படியாகத் தேற்றும் முறை

கெண்டைக்கால் சதையில் தொடங்கி, குதிகால் எலும்பின் பின்புறத்தில் போய் முடிகிற தடித்த நாண்தான் குதிநாண். டாக்டர் சீட்டில் அக்கிலிஸ் டெண்டன் என்று இருந்தால் அது இதுதான். சுமார் 15 செ.மீ. நீளம். உடம்பில் இதைவிட வலுவான நாண் கிடையாது. ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு இழுவையைத் தாங்குகிறது. ஆனால் இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதிலும் எலும்பில் சேரும் இடத்துக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரை உள்ள பகுதிக்கு இன்னும் குறைவு. நாள்பட்ட வலி வருவதும், நாண் அறுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான்.

இந்த வலிக்கு நம் பக்கம் இரண்டு வைத்தியம் நடக்கிறது. ஒன்று, மாதக்கணக்கில் காலை அசைக்காமல் ஓய்வு. மற்றது, எண்ணெய் போட்டு அழுத்தி உருவிச் சுளுக்கு எடுப்பது. ஓய்வில் வலி அடங்கும், கூடவே நாணின் தாங்கும் திறனும் குறையும். மறுபடி ஓடத் தொடங்கிய வாரமே வலி திரும்பும். உருவுவது, அறுந்த நாணாக இருந்தால், சேர வேண்டிய இரு முனைகளையும் விலக்கிவிடும். நாண் தேறுவதற்கு அளவான சுமை வேண்டும். எவ்வளவு சுமை, கால் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது வலிக்கிற இடத்தைப் பொறுத்தது. அதற்கும் முன்னால், நாண் அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்

ஷட்டில் ஆடும்போது முன்னால் பாய்ந்த நொடி, பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நொடி, படியில் கால் தவறிய நொடி என்று வலி தொடங்கிய கணத்தைச் சுட்டிச் சொல்ல முடிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். சிலருக்கு ‘பட்’ என்று சத்தமும் கேட்கும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற 30 முதல் 50 வயது ஆண்களுக்கு இது அதிகம்.

சோதிக்கும் முறை எளிது. அடிபட்டவரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வையுங்கள். இரண்டு பாதங்களும் கட்டில் விளிம்புக்கு வெளியே தளர்வாகத் தொங்கட்டும். நல்ல காலின் கெண்டைச் சதையின் பருத்த பகுதியைக் கைநிறையப் பிடித்து அமுக்குங்கள். முன்பாதம் உள்ளங்கால் பக்கமாக அசையும். அதேபோல் அடிபட்ட காலை அமுக்குங்கள். பாதம் அசையாமல் அப்படியே கிடந்தால் நாண் முழுதாக அறுந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு: அதே நிலையில் இரண்டு முழங்கால்களையும் 90 பாகைக்கு மடக்கச் சொன்னால், நல்ல பாதம் சற்றே விரல்நுனி மேல்நோக்கிய வாக்கில் நிற்கும், அடிபட்ட பாதம் தரைக்கு இணையாகவோ அதைவிடத் தாழ்ந்தோ சாய்ந்துவிடும். விரலால் நாண் நெடுகத் தடவினால் சிலருக்குப் பள்ளம் தட்டுப்படும். வீக்கம் ஏறிவிட்டால் பள்ளம் மறைந்துவிடும் என்பதால், பள்ளம் இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஏமாற்றுகிற அறிகுறிகள் இரண்டு. ஒன்று, அறுந்த பிறகும் பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்க முடியும். விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் உட்புறத் தசையும் அந்த வேலையைக் கொஞ்சம் செய்துவிடும். மற்றது, நடக்க முடிவது. 2013 ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் குதிநாண் அறுந்த பிறகு இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டுப் புள்ளி எடுத்துவிட்டுத்தான் களத்தை விட்டு நடந்து போனார். ‘நடக்கிறாரே, சுளுக்குதான்’ என்று வீட்டிலும், சில நேரம் ஆஸ்பத்திரியிலும் தவறவிடுவது இப்படித்தான். அறுந்த காலால் செய்யவே முடியாத காரியம், அந்த ஒற்றைக்காலில் நின்று குதியைத் தூக்குவது. ஆனால் சந்தேகம் இருக்கும்போது அதைச் செய்துபார்க்கச் சொல்லாதீர்கள். பகுதி கிழிசல் முழுக்கிழிசலாகிவிடலாம்.

அறுந்ததாகத் தெரிந்தால் காலை ஊன்ற விடாதீர்கள். விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும்படி பாதத்தை வைத்து, ஒரு அட்டையோ துண்டோ கொடுத்துக் கட்டுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். எலும்பு மருத்துவரை அன்றைக்கே பாருங்கள். ஏன் அன்றைக்கே என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

வலி எந்த இடத்தில்?

மெதுவாக வந்த வலிக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். நாணை இரு பக்கமும் பிடித்து, எலும்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு செ.மீ. ஆக அமுக்கிக்கொண்டே போங்கள்.

எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, அதாவது இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில், நாண் தடித்து அமுக்கினால் வலித்தால் அது நடுப்பகுதிப் பாதிப்பு. நாண் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் ஒட்டிடப் பாதிப்பு. இரண்டுக்கும் பயிற்சி வேறு. இதை மாற்றிச் செய்தால் வலி கூடும். நாணுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் இரு பக்கமிருந்தும் அமுக்கும்போது வலித்தால், அங்கே இருக்கும் நீர்ப்பை வீங்கியிருக்கிறது. கணுக்காலை அசைக்கும்போது விரலுக்கடியில் நறநறவென்று உரசல் தெரிந்தால் நாணின் உறை வீங்கியிருக்கிறது. திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியவர்களுக்கு வருவது. ஓட்டத்தை நிறுத்தி ஐஸ் வைத்தால் ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். குதிகாலின் அடியில் வலி என்றால் அது பாதத்தின் அடிப்படலம் சார்ந்த வேறு பிரச்சினை, இந்தக் குறிப்புகள் அதற்குப் பொருந்தா.

நாண் பாதிப்பின் குணம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் விறைத்து வலிக்கும், நடக்க நடக்கக் குறையும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறையும், ஓட்டம் முடிந்து சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ திரும்பும். அந்த மறையும் கட்டம்தான் ஆளைக் கெடுக்கிறது. சரியாகிவிட்டது என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டி ஓடுவார்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் பயிற்சிக்கு முன் டாக்டரிடம் போங்கள். இரண்டு குதிகாலிலும் வலி, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல், கூடவே அசைந்தால் குறைகிற இடுப்பு வலியோ சோரியாசிஸோ இருந்தால் அது மூட்டுவாத நோயின் வெளிப்பாடாக இருக்கலாம். இரண்டு நாண்களும் முடிச்சு முடிச்சாகக் கெட்டியாகத் தடித்து, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் இந்த நாணில் படியும். சர்க்கரை நோயும் நாணைத் தடிக்கவும் விறைக்கவும் வைக்கும்.

சாப்பிடும் மருந்துகளையும் கவனியுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் நாணைப் பலவீனப்படுத்தும், அறுக்கவும் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் இவற்றின் உறையில் அதற்கான கடும் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிற மாத்திரைகளில் இவையும் உண்டு. மாத்திரை போடும் நாட்களில் குதிநாண் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வேறு மருந்து தரமுடியுமா என்று டாக்டரிடம் அன்றே கேளுங்கள்.

நடுப்பகுதி வலிக்கு 12 வாரம்

ஸ்வீடனில் மருத்துவர் அல்ஃபிரெட்சனின் குழு 1998-இல் வெளியிட்ட முறை இன்றும் எல்லோருக்கும் தெரிந்தது. தேவை ஒரு படிக்கட்டும் ஒரு கைப்பிடியும்.

படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், குதிகால் வெளியே இருக்கட்டும். நல்ல காலின் பலத்தால் இரண்டு குதிகளையும் உயர்த்துங்கள். எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி நல்ல காலைத் தூக்கிவிடுங்கள். இப்போது மூன்று நொடி எடுத்துக்கொண்டு, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும் வரை மெதுவாக இறக்குங்கள். ஏறுவதற்கு மறுபடி நல்ல கால். முழங்காலை நீட்டியபடி 15 தடவை வீதம் 3 செட். முழங்காலைச் சற்றே மடக்கியபடி இன்னொரு 3 செட். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, வாரத்தில் ஏழு நாளும். கணக்குப் பார்த்தால் நாளுக்கு 180 தடவை.

முழங்காலை மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாணில் இரண்டு தசைகள் சேர்கின்றன. மேலே இருக்கும் பெரிய சதை முழங்காலைத் தாண்டி மேலே போகிறது, அடியில் இருக்கும் தட்டைச் சதை தாண்டுவதில்லை. மடக்கினால்தான் அடிச்சதைக்கு முழு வேலை கிடைக்கும், ஓட்டத்தில் அதன் பங்குதான் பெரிது. வேகமாகச் செய்வது, கைப்பிடியில் தொங்கி எடையைக் குறைத்துக்கொள்வது, எடையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பது ஆகியவையும் பயனைக் கெடுக்கும். 15-ம் தடவை சுலபமாக முடிந்தால் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு 10. வெறும் உடம்பெடையோடு 12 வாரமும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் ‘பயிற்சி செய்தும் பலனில்லை’.

நாளுக்கு இரண்டு முறை முடியாது என்பவர்களுக்கு வாரம் மூன்று நாள் போதுமான கனச்சுமை முறை இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே தோது. பலன் இரண்டிலும் ஏறக்குறைய சமம். ஏற 3 நொடி, இறங்க 3 நொடி. முதல் வாரம் 15 தடவை 3 செட். 2, 3-ம் வாரம் 12 தடவை 3 செட். 4, 5-ம் வாரம் 10 தடவை 4 செட். 6 முதல் 8 வரை 8 தடவை 4 செட். 9 முதல் 12 வரை 6 தடவை 4 செட். தடவை குறையக் குறைய எடை கூட வேண்டும். கடைசித் தடவை திணறித்தான் முடிய வேண்டும். செட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட இடைவெளி. இதற்கு ஜிம்மில் உள்ள கால் இயந்திரங்கள் வசதி.

தொடக்கத்தில் எதைச் செய்தாலும் கடுமையாக வலிக்கிறது என்றால், இரண்டு காலிலும் நின்று குதியைப் பாதி உயர்த்தி 45 நொடி அப்படியே நிறுத்துங்கள். இரண்டு நிமிட ஓய்வு விட்டு 5 தடவை. ஓரிரு வாரம் இதோடு இருந்துவிட்டு, இரு கால் ஏற்ற இறக்கத்துக்கும், அடுத்து ஒற்றைக் காலுக்கும் போங்கள்.

பயிற்சியில் வலி வரலாம். பத்துக்கு ஐந்து வரை பொறுத்துக்கொண்டு செய்யலாம், ஆனால் மறுநாள் காலை வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகள்தான் உங்கள் அளவுகோல். நேற்றைவிட விறைப்பு கூடியிருந்தால் முந்தைய நாள் சுமை அதிகம், அடுத்த முறை குறையுங்கள். அன்றாடம் இந்த வலிக்கு ஒரு எண் கொடுத்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வாரக்கணக்கில் இறங்குகிறதா என்பது அதில்தான் தெரியும், நினைவில் தெரியாது.

30 நிமிடம் வேகநடை வலியில்லாமல் முடிந்து, ஒற்றைக் காலில் 20 தடவை குதியுயர்த்த முடிந்தால் ஓட்டத்தைத் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20 நிமிடம். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், வேகத்தையும் மேட்டையும் கடைசியாக. நாணை வருத்துவது தூரத்தைவிட வேகமும் துள்ளலும்தான். ஸ்கிப்பிங் கயிறும் அதில் சேரும். 12 வாரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரியும், முழுதாகத் தேற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகலாம். வலி போன பிறகும் தடிப்பு இருக்கும். ஸ்கேனில் அது தெரிகிறது என்று கலங்க வேண்டாம்.

ஒட்டிடத்தில் வலித்தால்

பாதம் முன்னோக்கி அதிகமாக மடங்கும்போது நாண் குதிகால் எலும்பின் மேல்விளிம்பில் அழுந்தும். வலியைக் கிளப்புவது இந்த அழுத்தம். அதனால் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்குவதும், சுவரைத் தள்ளிக் கெண்டைச் சதையை நீட்டுவதும் இங்கே கூடாது. மேலே சொன்ன பயிற்சிகளையே சமதரையில் நின்று செய்யுங்கள். குதி தரையைத் தொட்டதும் நிறுத்தம்.

குந்துவதும் அதே மடக்கம்தான். தரைக் கழிப்பறையில் பாதத்தை முழுதாக ஊன்றிக் குந்துகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் மேற்கத்திய கழிப்பறைக்கோ கழிப்பறை நாற்காலிக்கோ மாறிப் பாருங்கள். தரையில் குந்திப் பாத்திரம் துலக்குவது, கோலம் போடுவது ஆகியவற்றுக்கும் ஒரு சின்ன முக்காலி. ரப்பர் செருப்பும் வெறுங்காலும் குதியைத் தாழ்த்தி வைக்கின்றன. 1 முதல் 1.5 செ.மீ. உயரமுள்ள ஹீல் பேட் போட்ட ஷூவோ, குதி சற்று உயர்ந்த செருப்போ வீட்டுக்குள்ளும் போடுங்கள். இரண்டு காலுக்கும் பேட் போடுங்கள், இல்லையென்றால் இடுப்பு வலிக்கும். ஷூவின் பின்விளிம்பு கெட்டியாக இருந்து எலும்புப் புடைப்பில் உரசினால், பின்பக்கம் திறந்த செருப்பே மேல்.

எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்று சொன்னதும் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. எலும்பு துருத்தியும் வலியே இல்லாதவர்கள் நிறைய. குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தேறாதபோது அந்தப் பேச்சை எடுக்கலாம்.

மாத்திரை, ஊசி, அதிர்வலை

வலிமாத்திரை சில நாள் வலியைத் தணிக்கும், நாணைத் தேற்றாது. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். சில வாரம் வலி அடங்கும், நாண் பலவீனமாகி அறும் ஆபத்து கூடும். சொந்த ரத்தத்தைச் சுழற்றித் தட்டணு பிரித்துப் போடும் பிஆர்பி ஊசி நகரங்களில் பிரபலமாகிவிட்டது. நடுப்பகுதிப் பாதிப்பில் அதைப் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த தரமான ஆய்வுகளில் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தக் காசை நல்ல பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கலாம். இயந்திரத்தால் நாணின் மேல் அதிர்வைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் தேறாதவர்களுக்குத் துணையாக உதவும், பயிற்சியை நிறுத்திவிட்டு அதை மட்டும் செய்வதில் அர்த்தமில்லை.

முழுதாக அறுந்தால்

அறுந்த இரு முனைகளும் புதிதாக இருக்கும்போது, பாதத்தை விரல்நுனி கீழ்நோக்கி வைத்தால் ஒன்றையொன்று நெருங்கும். ஓரிரு வாரம் கடந்தால் நடுவில் தழும்பு நிரம்பத் தொடங்கும். நான்கு வாரம் தாண்டினால் கட்டுப்போட்டுச் சேர்ப்பது கடினம். கட்டைவிரலை மடக்கும் நாணை எடுத்து இடைவெளியை நிரப்பும் பெரிய அறுவைக்குப் போக நேரிடலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

அறுவையா, கட்டா? நார்வேயில் 526 பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் காலின் செயல்பாடு அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மறுபடி அறுந்தது அறுவை இல்லாதவர்களில் 6.2 சதவீதம், அறுவை செய்தவர்களில் 0.6 சதவீதம். மறுபக்கம், நரம்புப் பாதிப்பு அறுவை இல்லாதவர்களில் 0.6 சதவீதம், திறந்த அறுவையில் 2.8, சிறு துளை அறுவையில் 5.2, பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போவது அதன் அறிகுறி. சர்க்கரை நோயாளிக்கும் புகைபிடிப்பவருக்கும் அந்த இடத்துத் தோல் ஆறுவது சிரமம் என்பதால் அவர்களுக்குக் கட்டே பெரும்பாலும் நல்லது. குதித்து ஓடும் விளையாட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டிய இளைஞருக்கு, மறுபடி அறும் வாய்ப்பைக் குறைக்க அறுவையைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் பின்வருவது ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் விரல்நுனி கீழ்நோக்கிய மாவுக்கட்டு, ஊன்றுகோல், காலை ஊன்றக் கூடாது. 2 முதல் 4-ம் வாரம் வரை 2 செ.மீ. குதி உயர்வு வைத்த வாக்கிங் பூட், அதாவது பாதத்தையும் கணுக்காலையும் பிடித்துவைக்கும் கெட்டிக் காலணி. ஊன்றுகோலோடு கொஞ்சம் எடை ஊன்றலாம், கணுக்காலைக் கீழ்நோக்கி அசைத்து, மேல்நோக்கி 90 பாகையோடு நிறுத்த வேண்டும். 4 முதல் 6 வரை பூட்டோடு தாங்கும் அளவுக்கு எடை. 6 முதல் 8-க்குள் குதி உயர்வை எடுத்துவிடுவார்கள். 8 முதல் 12-க்குள் பூட்டை விட்டு ஷூவுக்கு. ஆறு வாரமும் அசையாத மாவுக்கட்டு என்கிற பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. மேற்சொன்ன முறை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காலத்தின் பெரிய பயம், நாண் நீண்டு சேர்வது. நீண்டுவிட்டால் குதியைத் தூக்கும் பலம் நிரந்தரமாகக் குறையும். எனவே தூங்கும்போதும் பூட்டைக் கழற்றாதீர்கள். குளிக்கக் கழற்றினால் ஸ்டூலில் உட்கார்ந்து, விரல்நுனி கீழ்நோக்கித் தொங்கும்படி வையுங்கள். மூன்று மாதம் குந்தவே கூடாது. கழிப்பறை நாற்காலி முதல் நாளே வாங்கிவிடுங்கள். பூட் போட்டால் ஒரு கால் உயர்ந்துவிடும், மற்ற காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ. வலது காலில் பூட் இருக்கும்வரை கார், பைக் இரண்டும் வேண்டாம்.

அசையாத காலில் ரத்தம் உறைவது இந்தக் காயத்தில் சாதாரணமாக நடக்கிறது. கட்டுக்குள் கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ வீங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பூட் கழன்ற பிறகு இரு கால் குதியுயர்த்தல், பிறகு ஒற்றைக்கால். மறுபடி அறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான், அதுவும் ஈரக் குளியலறையிலும் படிக்கட்டிலும் வழுக்கி. கைப்பிடி இல்லாத படியில் இறங்காதீர்கள். மெல்லோட்டம் சுமார் நான்காவது ஐந்தாவது மாதத்தில். ஷட்டில், கால்பந்து, கபடிக்கு 9 முதல் 12 மாதம். வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி 2024 பிப்ரவரியில் குதிநாண் அறுவை செய்துகொண்டு இந்திய அணிக்குத் திரும்பியது 2025 ஜனவரியில். முழுநேரப் பிசியோ வைத்திருப்பவருக்கே அவ்வளவு காலம். ஆட்டத்துக்குத் திரும்ப மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் குதியை உயர்த்தும்போது, உயரத்திலும் எண்ணிக்கையிலும் நல்ல காலோடு ஒப்பிட்டுப் பத்துக்கு ஒன்பது பங்காவது வர வேண்டும். சுவரில் நல்ல காலின் குதி தொடும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.